கயிறில்லாத கை

15.1.2026, வியாழன்

பொங்கல். செஞ்சியில் மோட்டார் காயில் கட்டும் என் கடைக்கு இன்று விடுமுறை. ஒருத்தனுக்கு ஒரு பானை பொங்கல் அதிகம். மீதி பக்கத்து வீட்டு மாட்டுக்கு.

சாயங்காலம் யுவஸ்ரீ போன் செய்தாள். என் மகள் என்னோடு பேசி இரண்டு வருஷம் நாலு மாசம் ஆகிறது. நல்லா இருக்கியா என்றெல்லாம் கேட்கவில்லை.

"மாசியில எனக்கும் கமலேஷுக்கும் கல்யாணம் நைனா. புதன்கிழமை பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். அழைக்கிறவங்க எடத்துல மாமா பேரு போடலாம்ங்குது அம்மா. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. ஞாயித்துக்கிழமை நான் வேல செய்ற எடத்துக்கு வா. தனியா வா."

"ஏம்மா, அங்க எதுக்கு?"

"அங்கதான் பாட்டில் இருக்குது. கல்யாணத்துலயும் இருக்கும். நீ எப்டி இருக்குறன்னு நான் பாக்கணும்."

பாண்டிச்சேரியில் கடலை ஒட்டின பெரிய பார், கூடவே ரெஸ்டாரன்ட். கவுன்டரில் நின்று கலந்து கொடுக்கிற வேலை அவளுக்கு. குடிகாரன் பெண் போயும் போயும் இந்த வேலைக்கா என்று சாரதா அழுதாளாம். சாரதா என் மனைவி. இப்போது திண்டிவனத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். எனக்குக் கேட்க வாய் ஏது?

16.1

போகலாமா? போகாவிட்டால் மட்டும் என் பேரைப் போட்டுவிடுவார்களா?

17.1, சனி

பூசாரி ராஜாராமைப் பார்த்தேன். ஆடியில் அம்மன் முன்னால் என் மணிக்கட்டில் கயிறு கட்டியவர். கட்டியிருக்கும் வரை குடியைத் தொடக்கூடாது. ஐந்து மாசம் தாண்டிவிட்டது. தொடவில்லை.

"கயிறோட அந்த எடத்துல கால் வெக்காத. அம்மா சும்மா வுடமாட்டா. அவுத்துட்டுப் போ, திங்கக்கிழமை கட்டிக்கலாம்" என்றார்.

அவிழ்ப்பதா? இதற்கு முன் இரண்டு தடவை கட்டி, இரண்டு தடவையும் ஒரு நாள்தானே என்று அவிழ்த்தவன் நான். முதலில் மச்சான் வீட்டுக் காதுகுத்து. அடுத்தது யுவஸ்ரீயின் காலேஜ் விழா. அன்றைக்குத்தான் அத்தனை பேர் பார்க்க மேடைக்கு எதிரே விழுந்து கிடந்தேன். கயிற்றை அவிழ்த்தவன் குடிக்கத்தான் அவிழ்த்தான் என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஆனால் சாமி குத்தம் ஆகக்கூடாது. கல்யாண நேரம் வேறு. அவிழ்க்கச் சொன்னேன். மணிக்கட்டில் வெளுப்பாக ஒரு கோடு மட்டும் இருக்கிறது.

பயமாக இருக்கிறது.

18.1, ஞாயிறு

கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் கடல். செருப்பைக் கழற்றலாமா என்று வாசலில் தயங்கினேன். "அப்டியே வாங்க சார்" என்றாள் ஒரு பெண். கவுன்டருக்குப் பின்னால் சுவர் முழுக்க பாட்டில்கள், சாமி அறை மாதிரி விளக்குப் போட்டு. நடுவில் கறுப்புச் சட்டையில் என் மகள்.

என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக மணிக்கட்டில் இருந்த அந்த வெளுத்த கோட்டைப் பார்த்தாள்.

"அவுத்துட்ட."

அப்போதுதான் உறைத்தது. அட மடையா, அவள் வேறு என்ன நினைப்பாள்? "பூசாரிதாம்மா சொன்னாரு, கயிறோட உள்ள போவக்கூடாதுன்னு..."

"காலேஜ் ஃபங்ஷனுக்கும் ஒரு காரணம் சொன்ன." மெனுவை என் முன்னால் வைத்தாள். "இன்னா வேணும் சார்?"

சார்!

காரணம் சொல்லிச் சொல்லியே தேய்ந்த வாய் இது. இனி எதைச் சொல்லி நம்பவைப்பது? மோர் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். எலுமிச்சை சோடாவும் மீன் வறுவலும் அதன்மேல் ஒரு குவியல் வெங்காயமும் வந்தன.

எழுந்து போனால் வெளியே பத்தடிக்கு ஒரு மதுக்கடை. எங்கே போனேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதனால் அவள் கண்ணெதிரிலேயே உட்கார்ந்தேன். பன்னிரண்டரையிலிருந்து ஐந்து வரை. பக்கத்து ஸ்டூல்காரர் பிராந்தி வாங்கினார். அந்த வாசனை — நாக்குக்கு அடியில் ஊறியது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். காயில் சுற்றும்போது சுற்று எண்ணுவேனே, அப்படி எண்ணினேன். நாலாயிரத்துச் சொச்சம் போயிற்று.

அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பாட்டில்களுக்குப் பின்னால் இருப்பது முகம் பார்க்கும் கண்ணாடி, அதில் என் ஸ்டூல் தெரிகிறது என்பதைக் கிளம்பும்போதுதான் கவனித்தேன்.

வேலை முடிந்து வெளியே வந்து என் எதிரில் நின்றாள். "ஊது."

முன்பு சாரதா வாசலில் நிறுத்திச் சொன்ன அதே சொல். நடுரோட்டில் மகள் முகத்தில் ஊதினேன்.

"வெங்காயம்" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள். பத்திரிகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

19.1

விடிந்ததும் கோயிலுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. ராஜாராமின் பெரியப்பா நேற்று தவறிவிட்டார். பதினாறு நாள் தீட்டு. அதுவரை கயிறு கட்ட முடியாது. துக்க வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு "ஜாக்கிரதையா இருப்பா" என்றார். நான் எதைப் பிடித்துக்கொள்வது?

22.1, வியாழன்

புதன் போய்விட்டது. போன் வரவில்லை. மாமா பேர்தான் போல.

கடையைப் பூட்டினதும் கால் பழைய வழியில் திரும்பியது. மதுக்கடை போர்டு தெரிகிற தூரம் வரை போய்விட்டேன். ஏன் திரும்பி வந்தேன்? யார் 'ஊது' என்று கேட்கப்போகிறார்கள்? தெரியலடா, எனக்கே தெரியல. வீட்டுக்கு வந்து ஒரு பெரிய வெங்காயத்தை நறுக்கித் தின்றேன்.

26.1

குடியரசு தினம். மதுக்கடைக்கு லீவு. எனக்கும் ஒரு நாள் லீவு.

1.2, ஞாயிறு

காலை பஸ்ஸில் வந்து வாசலில் நின்றாள் யுவஸ்ரீ. சொல்லிவிட்டு வரவில்லை. அவள் கேட்கும் முன் நானே ஊதினேன்.

"ச்சீ! பல்லு வெளக்கலியா நைனா?" என்று சிரித்தாள். எத்தனை வருஷமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

பையிலிருந்து மஞ்சள் தடவின பத்திரிகைக் கட்டு ஒன்றை எடுத்தாள். "செஞ்சியில நீதான் வீடு வீடாப் போய்க் குடுக்கணும். பொண்ணுக்கு அப்பன் குடுக்காம வேற யாரு குடுப்பா?" மேலே இருந்த பத்திரிகையில், அழைப்பவர் இடத்தில், வெற்றிவேல் என்று என் பேரை அச்சடித்திருந்தது. கண் மங்கிவிட்டது எனக்கு.

வாங்கக் கையை நீட்டினேன். தீட்டு முடிய இன்னும் இரண்டு நாள். கை வெறுமையாகத்தான் இருந்தது. பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். நான் காரணம் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குக் காத்திராமல் பத்திரிகைக் கட்டை என் கையில் வைத்துவிட்டு, "காலைல இன்னா சாப்ட்ட நைனா?" என்று கேட்டபடியே உள்ளே போனாள்.