பவளத் தொட்டிக்கு நல்ல தண்ணீர் மட்டும்

ராலி,

சீஸ் வைத்து மடித்த பனித்சா ரொட்டி சுட்டு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். தயிரோடு கொஞ்சமாவது சாப்பிடு. நான்கு மணிக்கு பெர்னிக் ஊரிலிருந்து மோம்சில் அண்ணன் தொட்டிலை எடுத்துப்போக வருவார். அதை வாசலருகே வைத்துவிட்டேன். நீ அந்த அறைக்குள் போக வேண்டாம். அவரிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, புரிந்துகொள்வார்.

பவளம் வளரும் அந்தக் கடல்நீர்த் தொட்டியைச் சமையலறைக்கு மாற்றிவிட்டேன். மதியம் தண்ணீர் ஒரு விரல் குறைந்திருந்தால் பச்சை மூடி பாட்டிலில் உள்ள நல்ல தண்ணீரை ஊற்று. உப்புத் தண்ணீர் வேண்டாம். ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு அப்படியே தங்கிவிடும்.

"பிள்ளைய மண்ணுல வச்சு ஒரு மாசம்கூட ஆகல. அவ ரூம்ல பவளம் வளக்கிறியே, உனக்கு நெஞ்சே இல்லையா அசென்?" என்று நேற்று கேட்டாய். அந்த அறையில் வெறுங்கையோடு உட்கார முடியவில்லை, ராலி. இருபது லிட்டர் தண்ணீரிலாவது ஏதோ ஒன்று என் கையால் பிழைக்கட்டும் என்று நினைத்தேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான்.

ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

அசென்

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். பிரசவ அறையில் மூச்சில்லாத பிள்ளையை நர்ஸ் நீட்டியபோது, "என்னால பாக்க முடியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் வாங்கிக்கொண்டேன். வெகுநேரம் பார்த்தேன். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. அவள் யாரைப்போல இருந்தாள் என்று நீ கேட்கும் நாளில் சொல்கிறேன். அதுவரை அந்த முகத்தை நானே வைத்திருக்கிறேன்.