நெல்லியின் மஞ்சள் தொப்பி

மிச்சிகன்,
1937 ஜனவரி, வெள்ளிக்கிழமை சாயங்காலம்

அன்புள்ள ஓர்வில்,

கடிதத்தைப் பாதி படித்துவிட்டு நெருப்பில் போட்டுவிடாதே. முதலில் உன் கோட்டின் மூன்றாவது பொத்தானைப் பார். கறுப்பு நூல் தீர்ந்துபோய் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தேன் என்று எவ்வளவு முணுமுணுத்தாய்! இந்தக் கடிதத்தையும் அதே நூலால்தான் கட்டியிருக்கிறேன். எழுதுவது உன் மனைவி வெர்னாதான், கம்பெனிக்காரன் இல்லை.

இன்று சங்கத்துச் சமையலறையில் எனக்கு வெங்காயம் உரிக்கும் வேலை. பீன்ஸ் சூப்பில் உப்பு அதிகம் என்று உள்ளேயிருந்து புகார் வந்ததாம். தொழிற்சாலைக்குள் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்ய ஆரம்பித்ததும் துரைமார்களான உங்களுக்கு நாக்கு நீண்டுவிட்டது. பனியில் அண்டாவைத் தூக்கிவந்து ஜன்னல் வழியாக ஏற்றுகிறோமே, எங்களுக்கு நல்லதாக ஒரு வார்த்தை கிடையாது. கம்பெனிக்காரர்கள் உள்ளே கணப்பை நிறுத்திவிட்டார்களாமே? வெறும் தரையில் படுக்காதே. கார் இருக்கை மெத்தைகளை விரித்துக்கொள்.

திங்கட்கிழமை உங்கள் மேஸ்திரி ஹாஸ்கெல் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, ரொம்ப அக்கறையாகப் பேசினார். "ஒரு வரி எழுதிக் குடும்மா. புள்ளைக்குக் காய்ச்சல்னு. அவன் தானா எறங்கி வந்துடுவான்" என்றார். நம் மகள் நெல்லியோ அதற்குள் அவருடைய தொப்பியை எடுத்துக் கண்வரைக்கும் கவிழ்த்துக்கொண்டு வீடெல்லாம் ஓடிக்கொண்டிருந்தாள். "எந்தப் புள்ளைக்கு? உங்க தொப்பியப் போட்டுக்கிட்டு ஓடுதே, அதுக்கா?" என்று கேட்டேன். தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

பக்கத்து வீட்டு ஹாலினாவைக் கம்பெனிக்காரர்கள் கேட்கவேயில்லை. அவள் பெயரில் தாங்களே எழுதி அனுப்பிவிட்டார்கள். உங்களோடு உள்ளே இருந்த அவள் கணவன் அடித்துப்பிடித்து வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தால், பிள்ளை சட்டியை உருட்டி விளையாடுகிறது. அவன் திரும்பிப் போவதற்குள் தொழிற்சாலை வாசலில் போலீஸ். இப்போது அவன் நாள் முழுக்க வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடக்கிறான், யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகுதான், பிள்ளைக்கு நோய் என்று வருகிற எந்தக் கடிதத்தையும் நம்புவதில்லை என்று நீங்கள் எல்லோரும் கைதூக்கி முடிவெடுத்தீர்களாம். நல்ல முடிவு என்று நானும்தான் சொன்னேன்.

ஓர்வில், நெல்லிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். மேஸ்திரி எழுதச் சொன்ன பொய் நம் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டுவிட்டது. டாக்டர் நெஞ்சில் காது வைத்துப் பார்த்தார். சளி கட்டியிருக்கிறது, இன்று ராத்திரி தாண்டிவிட்டால் பயமில்லை என்றார். தாண்டாவிட்டால் என்று நான் கேட்கவில்லை. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் நீ கார் செய்து முடித்துவிட்டாயா என்றுதான் கேட்கிறாள்.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வா என்று எழுதிக் கிழித்தேன். வராதே என்று எழுதி அதையும் கிழித்தேன். அந்த இயந்திரம் ஓடுகிற ஓட்டத்துக்கு ஈடுகொடுத்துவிட்டு வந்து, கை நடுங்கி உன்னால் கரண்டியைப் பிடிக்க முடியாமல் போகும்போது, நெல்லி உனக்கு ஊட்டிவிடுவாளே. அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு வயிறு எரியும். இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்காமல் வெளியே வராதே என்று சொல்லி உன்னை அனுப்பியவளே நான்தான். வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

அதனால் ஒன்று செய். நாளைக் காலை சூப் வரும் நேரத்துக்கு, தெருப்பக்கத்து ஜன்னலில் நில். இன்றுபோல நாளையும் ஹாலினா நெல்லியைப் பார்த்துக்கொள்வாள். காய்ச்சல் இறங்கியிருந்தால், நெல்லியின் மஞ்சள் தொப்பியை என் தலையில் மாட்டிக்கொண்டு வருவேன். ஊரே சிரிக்கட்டும். நீ கையை ஆட்டிவிட்டு உள்ளேயே இரு. நான் வெறுந்தலையோடு வந்தால், சங்கத்தைக் கேட்காதே, யாரையும் கேட்காதே, ஜன்னல் வழியாகவே இறங்கி வா. நான் கீழே நிற்பேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும். நாளைக் காலை அந்தச் சின்னத் தொப்பியை அவரே என் தலையில் வைத்து அனுப்பட்டும்.

உன்,
வெர்னா