ஓடைக்கரைக்கும் வட்டி உண்டு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
12.6.2025

அன்புள்ள சுமையா,

உனக்கும் வீட்டில் எல்லாருக்கும் சலாம். போனில் சொன்னால் பாதியில் வாயடைத்துப்போவேன். அதனால்தான் கடிதம்.

பாமாயில் மரம் வைக்க உங்க அத்தா எங்கள் பேங்கில் கடன் கேட்டிருக்கிறார்களே, வ. புதுப்பட்டியில் அந்த நிலத்தைப் பார்க்க நேற்று நான்தான் போனேன். நாலு வருஷம் காய்ப்பு வராத பயிர். அதுவரை அசலைக் கேட்காத, வட்டி குறைந்த பசுமைக் கடன் இது. சொட்டுநீர் போட வேண்டும். ஓடைக்கரை மரம் செடிகளைத் தொடக் கூடாது; கடன் வந்த பிறகு தொட்டாலும் வட்டி கூடிவிடும். படிவத்தில் இருக்கிறது. அத்தா படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"வாம்மா! நீ வாரேன்னு ரெண்டு நாளா ஜேசிபி விட்டு சுத்தம் பண்ணிட்டேன். பாரு, ஒரு புதர் கிடையாது!" என்றார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் கூட்டி மெழுகின வீடுபோல ஓடைக்கரை பளிச்சென்று கிடந்தது. எனக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் கொடுத்து, பிரியாணியும் போட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நாளை 'தகுதி இல்லை' என்று எழுதப்போகிறேன். அத்தாவிடம் நீயே சொல்லேன்.

உன்
யோகேஸ்வரி

இராஜபாளையம்,
16.6.2025

ஏட்டி யோகேஸ்வரி,

சோற்றைத் தின்னுட்டு இப்படி எழுத எப்படிட்டி மனசு வந்தது? அத்தா கடையைத் திறக்கவே போகவில்லை. "அந்தப் பிள்ளை அங்கனயே சொல்லிருக்கலாமே" என்று அதையே சொல்கிறார்கள். இந்தக் கடன் இல்லாமல் நாலு வருஷம் எப்படித் தாக்குப்பிடிப்போம்? வெறும் புதர்தானே, செத்த நேரம் கண்ணை மூடிக்கிட்டா என்ன? நம்ம சிநேகிதம் அம்புட்டுதானா?

சுமையா

ஸ்ரீவில்லிபுத்தூர்,
20.6.2025

அன்புள்ள சுமையா,

அங்கேயே சொல்லாதது என் தப்பு. அத்தாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

காட்டையும் ஓடையையும் அழித்து எடுத்த எண்ணெயா என்று இப்போது எண்ணெய் வாங்குகிற கம்பெனிகள் கேட்கின்றன. இல்லை என்று நாங்கள் அனுப்புகிற போட்டோவை நம்பித்தான் பேங்குக்குக் குறைந்த வட்டிக்குப் பணம் வருகிறது. ஒரு போட்டோ பொய் என்று தெரிந்தால் இந்தப் பக்கம் எல்லாருக்கும் நின்றுபோகும். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். பொய்க்குக் கையெழுத்துப் போட மனசு வரவில்லை.

மேனேஜரிடம் பேசிவிட்டேன். நானேதான், வாயைத் திறந்து! கரையில் புங்கையும் நாவலும் நட்டு, மழைக்குப் பிறகு அவை பிடித்திருந்தால் திரும்ப மனுக் கொடுக்கலாம். பார்க்க எனக்குப் பதில் எங்கள் பேங்க் கௌதம்ராஜ் சார் வருவார். சிநேகிதி செய்துகொடுத்தாள் என்ற பேச்சு வேண்டாம்.

கோபம் தீர்ந்தால் எழுது. தீராவிட்டாலும் எழுது.

யோகேஸ்வரி

இராஜபாளையம்,
8.12.2025

ஏட்டி பேங்குக்காரி,

ஆறு மாசம் எழுதாதது வீம்புதான். வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

கடன் வந்துவிட்டது! கௌதம்ராஜ் சார் கரையில் நட்ட நூற்றிருபது கன்றையும் எண்ணினார். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களைக் காட்டுவதுபோல அத்தா ஒவ்வொன்றாகக் காட்டினார்கள்.

நேற்று பக்கத்து நிலத்துச் சிவபாண்டி அண்ணன் வேலிக்குக் கம்பு வெட்ட எங்கள் ஓடைக்கரையில் இறங்கினார். அத்தா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள்.

"ஏலே, கரையைத் தொடாத! வட்டி கூடிரும்!"

"கடன் உமக்குத்தானய்யா. எனக்கென்ன?"

"நீயும் வாங்குலே. பேங்க்ல நம்ம பிள்ளை இருக்கு. பொய் சொல்லாது."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. ஃபைலைத் தூக்கிக்கொண்டு வராதே.

சுமையா