அம்சத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு

மெட்ராஸ்

மகள் தங்கம்மாளுக்கு அம்மா ராமாயி எழுதிக்கொள்வது. மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகந்தானே? கூலித் தகராறு தீர்ந்து நடவு தொடங்கிவிட்டது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்தவள் அம்சத்தை எட்டாவதோடு நிறுத்தியாச்சு என்று எழுதியிருந்தாய். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் லேசாகத் தலை சுற்றியது. பயப்படாதே, அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்காமலே ஊசி போட்டார்கள். போட்ட நர்ஸ் நம்ம ஊர்ப் பக்கம், நன்னிலத்துப் பொண்ணு. “எங்கம்மாவும் நடவுக்குப் போறவங்கதான் ஆயா. சர்க்கார் பள்ளிக்கூடத்துல, மத்தியானச் சோறு தின்னுதான் படிச்சேன்” என்றாள்.

அதே பள்ளிக்கூடமும் சோறும் அம்சத்துக்கும் இருக்கு. என் தம்பி, உன் மாமனுக்குத் தொட்டில் ஆட்டத்தான் நான் அஞ்சாவதோடு நின்றேன். வாத்தியார் பதிவேட்டில் அம்சத்தின் பெயரை அடிப்பதற்குள் அவளை அனுப்பு. அவள் கையால் எனக்கு நாலு வரி எழுதச் சொல். கொஞ்சம் மணத்தக்காளி வத்தலும் கொடுத்தனுப்பு.

நான் வேலை பார்க்கும் வீட்டில் சமையலுக்குக் கூப்பிடுகிறார்கள். குழந்தையைப் பார்க்க ஆள் இல்லையென்றால் உடனே எழுது, வேலையை விட்டுவிட்டு நான் வந்துவிடுகிறேன்.

அம்மா
ராமாயி