என் சட்டைப்பையில் அப்பாவின் கடிகாரம்

மார்ச் 3, செவ்வாய்

பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், இவர் வாயில் விரலை வைத்து "உஷ்" என்கிறார். டிக் டிக் சத்தம் கேட்பதற்காக மின்விசிறியையும் நிறுத்தியிருக்கிறார். மேசைமேல் அப்பாவின் தங்கக் கடிகாரம் மல்லாந்து கிடக்கிறது. மாதக் கடைசியில் பழங்கடிகாரச் சங்கத்தின் போட்டி; எது நொடி பிசகாமல் ஓடுகிறதோ அதற்குப் பரிசு.

இதைப் போல உலகத்தில் விரல்விட்டு எண்ணும்படிதான் செய்தார்களாம். அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது தினமும் சாவி கொடுத்தது இவர்தான். அதனால் மாப்பிள்ளைக்கே கொடுத்துவிட்டார். அண்ணனுக்கு வீடு. ஆனால் அவன் ஆசைப்பட்டது கடிகாரத்துக்கு. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

மார்ச் 5, வியாழன்

அண்ணன் போன் செய்தான். "உன் புருஷன்கிட்ட சொல்லு, நானும் ஒரு பழைய கடிகாரம் வாங்கியாச்சு. போட்டியில பாத்துக்கலாம்."

சொன்னேன்.

"நல்லா பாத்துக்கட்டும்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு."

சொன்னேன். நான் என்ன, தபால்பெட்டியா?

மார்ச் 8, ஞாயிறு

போட்டிக்கு முந்தின வாரம் கடிகாரம் ஒரு ஆளின் பையிலேயே இருக்க வேண்டுமாம். இவர் பையில் வைத்தால் முந்துகிறது. முந்தாமல்? மூச்சுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால்? சோதனைக்காக ஒருநாள் என்னிடம் கொடுத்தார். இம்மி பிசகவில்லை.

"நீ எடுத்துப் பாக்கவே இல்லையா?"

"எதுக்கு? வண்டியில ஒரு கடிகாரம் இருக்கே."

முகம் போன போக்கு!

மார்ச் 16, திங்கள்

போட்டி வாரத்துக்கு ஒத்திகையாக, இன்றுமுதல் என் சீருடைச் சட்டைப்பையில். வேகத்தடைகளில் கர்ப்பிணி மாதிரி ஏறி இறங்கினேன். பின்னால் பிள்ளைகள் எல்லாம் தூங்கிவிட்டார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

நான் கோபப்படக் கூடாதாம், கடிகாரம் அதிருமாம். குனிந்து பாத்திரம் தேய்த்தாலும் அதிருமே என்றேன். கொஞ்சம் யோசித்தார். தேய்த்தார். துணியும் அலசினார். கல்யாணமான புதிதிலேயே இந்தக் கடிகாரம் கிடைத்திருக்கக் கூடாதா?

மார்ச் 19, வியாழன்

சாயங்காலம் அண்ணனிடமிருந்து போன். "குளியலறையில விழுந்துட்டேன். எழுந்திருக்க முடியல." அண்ணி ஊரில் இல்லை. அடுத்த தெருதான் — எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. அவன் வீட்டு இரும்புக் கதவில் மோதினேன். இவர் வெறுங்காலோடு என்னைத் தாண்டி ஓடினார். தோளால் இடித்து வாசல் கதவையும் குளியலறைக் கதவையும் திறந்தார். தன்னைவிடக் கனமான ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆம்புலன்ஸில் இவர் மடியில் தலை வைத்துக்கொண்டே அண்ணன் என்னிடம் சொல்கிறான்: "தலைய நேரா பிடிக்கச் சொல்லு உன் புருஷன."

"நேராத்தான் இருக்குன்னு சொல்லு."

கால் எலும்பு முறிவு. அதன்பிறகுதான் என் கை பைக்குப் போனது. கடிகாரம் நின்றிருந்தது.

மார்ச் 20, வெள்ளி

காலையில் எடுத்துக் கொடுத்தேன். காதில் வைத்துப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"உனக்கு எங்கயாவது அடிபட்டுச்சா?"

அதற்குப் போய் ஏன் அழுதேன்? அதற்குத்தான் அழுதேன்.

உள்ளே அச்சு உடைந்திருக்கிறதாம். சரிசெய்யலாம், நாளாகும். போட்டி போச்சு.

மார்ச் 21, சனி

ஆஸ்பத்திரியில் அண்ணனிடம் சொன்னேன். தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என் கடிகாரம் வீட்ல சும்மாதான கெடக்கு. போட்டிக்கு அதக் கொண்டுபோகச் சொல்லு உன் புருஷன்..."

நிறுத்தினான். வாசலில் இவர் பிளாஸ்க்கோடு நின்றிருந்தார்.

"மாப்பிள்ளை, கொண்டுபோறீங்களா?"

"கொண்டுபோறேன் மச்சான்," என்றார். "வெளிய எடுத்தே பாக்க மாட்டேன்."

மார்ச் 29, ஞாயிறு

போட்டி முடிந்தது. அண்ணன் கடிகாரத்துக்குக் கடைசிக்கு முந்தின இடம்.

அண்ணி வரும்வரை அவன் எங்கள் வீட்டில்தான். மாவுக்கட்டுக் காலைச் சோபாவில் நீட்டிக்கொண்டு, "சாவி குடுக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்கிறான். "பாத்து வாங்கத் தெரியுமா உங்களுக்கு?" என்கிறார் இவர். மதியச் சாப்பாட்டில் ஆரம்பித்தது, ஓயவில்லை. நடுவில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை.

உள்ளே போய்ப் படுத்தேன். நல்ல தூக்கம்.