வெள்ளைப் பூவும் சத்து மாத்திரையும்

தை 12, திங்கள்
மூடுபனி. மிளகு காயவே இல்லை. வாசல் வரை நடந்ததற்கே மூச்சு வாங்குகிறது. வியாழன் சேலத்தில் அட்மிஷன், மறுநாள் நெஞ்சில் அடைப்புக்கு ஆபரேஷன்.

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து கொழுந்தன் வந்தான், டப்பாவோடு. சத்து மாத்திரை வியாபாரம் அவனுக்கு. "அண்ணி, ஆன்டிஆக்சிடன்ட்டுங்க. நெஞ்சுல ஒவ்வொரு செல்லுக்கும் சக்தி குடுக்கும். கத்தியே வேண்டாங்க." என் வீட்டுக்காரர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தை 13, செவ்வாய்
வெயில். மிளகைக் கிளறிவிட்டேன். டாக்டருக்குப் போன். "மாத்திரை அடைப்பை எடுக்காதும்மா. நாங்க எழுதாத எதையும் இப்ப சாப்பிடாதீங்க, ரத்தம் நிக்காமப் போகலாம்." சரிதானே? தண்ணீர் ஓஸ் அடைத்துக் கிடக்கும்போது உரத்தைக் கொட்டி என்ன பிரயோசனம்? டப்பா பரண்மேல்.

தை 14, புதன்
இவர் என்னிடம் சொல்லாமல் கோயிலில் பூக்கேட்டிருக்கிறார். பூசாரி எடுக்கும் பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது.

"நீ மாத்திரை சாப்பிடலாமான்னு கேட்டேன். வெள்ளை வந்துருச்சு. சாமியே சொல்லிருச்சு."

"ஆபரேஷன் வேண்டாமான்னு கேட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப அதைப் பத்தி சாமி ஒண்ணுமே சொல்லலீங்க. ஆபரேஷன் முடியட்டும். டாக்டர் சரின்னா டப்பாவோட முழுங்கறேன்."

அப்புறம் மெல்ல, "உன்னைய அறுக்கறத நெனச்சா எனக்குத் தாங்கல புள்ள." அழுதுவிட்டார். பயம் எனக்கு மட்டும் இல்லையா? ராத்திரியெல்லாம் பயம்தான். ஆனால் நெஞ்சு என்னுடையது. என்னைக் கேட்காமல் யார் பூக்கேட்டாலும் செல்லாது.

சாயங்காலம் வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து நானே கோயிலுக்குப் போனேன்.

"என்ன கேக்கோணும் ஆத்தா?" என்றார் பூசாரி.

"ஆபரேஷனுக்குப் போறது முடிவாயிருச்சுங்க. அது கேள்வி இல்ல. ஊட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேளுங்க."

பொட்டலம் பிரித்தார். சிவப்பு.

தை 15, வியாழன்
குளிர். முதல் பஸ். மிளகுக்குப் பக்கத்து வீட்டு சரோஜா பொறுப்பு. கோழிக்கும் அவளே.

மலை இறங்கியாகிவிட்டது, பஸ் நிற்கும்போது எழுதுகிறேன். பை இவர் மடியில். ஒரு கை பையில், ஒரு கை என் கையில், வளைவு முடிந்தும் விடவில்லை. சிவப்பு வந்ததை இவரிடம் சொல்லவில்லை. சாமிக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும், திரும்பி வந்து நானே பேசிக்கொள்கிறேன்.