டாக்டரிடம் நான் சொன்ன பொய்

போடி
ஞாயிறு

அன்பு மகள் சுஃபியாவுக்கு அம்மாவின் ஸலாம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் ஏழு மாதப் பிள்ளையும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டபடியே இருக்கிறேன். நான் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அத்தாவுக்கு நெஞ்சுவலி என்று போனில் சொன்னது பொய். நிஜத்தைப் போனில் சொன்னால் உன் மாமியார் பக்கத்திலேயே இருப்பார்கள் என்றுதான் இதை எழுதி, ஷார்ஜா திரும்புகிற உன் தம்பி ஹக்கீம் கையில் கொடுத்துவிடுகிறேன்.

வியாழக்கிழமை மலையில் ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிற சோலி. ஜீப்பில் இறங்கி வந்த அத்தா வாசலிலேயே வாந்தி எடுத்தார், வேர்த்து ஊற்றியது, எச்சில் நிற்காமல் வடிந்தது. சட்டையில் மருந்து நெடி குப்பென்று அடித்தது. பாவி நான் என்ன செய்தேன் தெரியுமா, சட்டையை ஒளித்துவைத்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, அத்தரும் பூசித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். போன வறட்சியில் செடியெல்லாம் காய்ந்துபோனதே, இப்போது மருந்து என்று வாயெடுத்தால் குடித்துவிட்டார் என்றுதானே ஊர் பேசும், போலீஸ் வேறு வருமே என்ற பயம். டாக்டர் எபினேசர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண்மணி இப்படிச் சுருங்கியிருக்கே, தோட்டத்துல மருந்து பட்டுச்சா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லவே இல்லை, நாள் முழுக்க எங்கள் கடையில்தான் இருந்தார் என்று கூசாமல் சொன்னேன். நாடி இறங்கிக்கொண்டே போனது. அப்படியானால் இதயம்தான், மதுரைக்கு ஏற்றுங்கள் என்றார். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தில் வேலை செய்கிற வேலுத்தாய் தலைதெறிக்க ஓடிவந்து, மருந்தடிக்கிற டியூப்பு வெடிச்சு முதலாளி மேலெல்லாம் கொட்டிருச்சும்மா, கழுவச் சொன்னா கேக்கலையே, டாக்டர்கிட்ட வெரசா சொல்லுங்க என்று எல்லார் முன்னாலும் கத்தினாள். டாக்டர் பார்த்த பார்வையில் செத்தேன். ஸ்ட்ரெச்சரைத் திருப்பி உள்ளே கொண்டுபோய் ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். நீங்க சொல்றத வச்சுத்தானேம்மா நான் முடிவெடுக்கணும், அப்படியே அனுப்பியிருந்தா தேனியத் தாண்டியிருக்க மாட்டாரு என்று பிறகு சொன்னார். அத்தா நேற்றுதான் கண் திறந்தார். இன்னும் இரண்டு நாள் போனால்தான் உறுதியாம்.

இப்போது உன் விஷயம், கண்ணு. பத்து வயதுவரை உனக்கு வலிப்பு வந்ததை நிக்காஹ் நேரத்தில் மறைத்தவளும் நான்தான். அங்கே டாக்டரிடம் சொன்னாயா என்று போன மாதம் கேட்டதற்கு, மாமி கூடவே வர்றாங்கம்மா, எப்படிச் சொல்ல என்றாயே, அது இப்போது என்னைக் குடைகிறது. இது கிடைத்த அன்றே போய்ச் சொல்லு. மாமி பக்கத்தில் நின்றால் அவர்கள் காதில் விழவே சொல்லு. எங்க அம்மா மறைச்சுட்டாங்க என்று பழியை என்மேல் போடு, அவர்கள் என்னை என்ன வைதாலும் வாங்கிக்கொள்கிறேன். பீரோவுக்குள் இத்தனை வருஷம் நான் ஒளித்துவைத்திருந்த உன் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் காப்பானாக. சீட்டை நீயும் ஒளித்துவைத்துவிடாதே, டாக்டர் கையில் கொடு.

உன் அம்மா
கமர்நிசா